வானில் இரு வழிகள்

தொழில்களுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று வினவுவது உலக வழக்கு. ஊதியத்தின் அளவைக் கொண்டும், ஊரார் தரும் மதிப்பைக் கொண்டும் அவ்வினாவிற்கு விடை கூறிவிடுவர். வானில் பறக்கும் தொழிலை விரும்பும் மாணவருள்ளும், பயணியர் விமானத்தை ஓட்டுவதே பெருமை என்றும், ஹெலிகாப்டர் ஓட்டுவது அதற்கு அடுத்தபடியே என்றும் எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக்கு மேற்கே, ஊர்தி உறுப்புகள் செய்யும் ஆலைகள் நிறைந்த பாடி என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் அவ்வூர்க் கோயிலே ஆகும். வலியன் என்னும் கருங்குருவி வழிபட்டமையால் இப்பெயர் வந்தது என்பது தலவரலாறு. கருங்குருவி கம்பியிலோ கால்நடையின் முதுகிலோ அமர்ந்திருக்கும். நொடியில் எழுந்து, காற்றிலேயே திரும்பிப் பூச்சியைப் பற்றி, மீண்டும் தன் இடம் சேரும். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளோ நெடுந்தொலைவு கடந்து, ஆண்டுதோறும் பருவத்தில் வருகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று எவரேனும் வினவுவரோ? ஒன்றன் சிறகு நெடுவழிக்கு அமைந்தது; மற்றொன்றன் சிறகு குறுகிய இடத்திற்கு அமைந்தது. விமானமும் ஹெலிகாப்டரும் அத்தகையனவே.

விமானத்தின் இறக்கை அசையாதது. அது முன்னோக்கி விரைந்தால்தான் காற்று அதனை மேலே தாங்கும். ஆதலின் நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டரின் இறக்கைகளோ தலைக்குமேல் சுழல்கின்றன. எனவே, அது நின்ற நிலையிலேயே மேலெழும். வானில் ஓரிடத்தே நிற்கவும் செய்யும். இவ்விருவகை ஊர்திகளிலும் பெரும்புகழ் பெற்றவர் கீவ் நகரில் பிறந்த சிகோர்ஸ்கி. 1913ஆம் ஆண்டில் நான்கு பொறிகள் பூண்ட பெருவிமானத்தைப் பறக்கச் செய்த அவர், 1939இல் அமெரிக்காவில் தாம் அமைத்த ஹெலிகாப்டரில் தாமே அமர்ந்து மேலெழுந்தார். படைத்தவர் இரண்டனுள் ஒன்றையும் இழிவாகக் கருதவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. விமான நிலையத்துள் நீர் புகுந்தமையால் அது சில நாள்கள் மூடப்பட்டது. அப்பொழுது ஹெலிகாப்டர்கள் வீடுகளின்மேல் தாழப் பறந்து உணவுப் பொதிகளை இறக்கின, மக்களை மீட்டன. இராமாபுரத்தில் நிறைமாதக் கருவுற்றிருந்த பெண் ஒருவர் மொட்டைமாடியிலிருந்து மீட்கப்பெற்றுப் பின்னர் இரட்டைப் பெண்குழந்தைகளை ஈன்றார். அதே நாள்களில் அரக்கோணம் கடற்படைத் தளத்தின் ஓடுபாதையிலிருந்து பயணியர் விமானங்கள் இயங்கி, தவித்து நின்றோரை வெளியூர்களுக்குக் கொண்டு சேர்த்தன. ஒன்று செய்த பணியை மற்றொன்று செய்திருக்க இயலாது.

எனினும், பணி சிறந்தது என்பதனாலேயே ஆராயாது அதிற் புகுதல் அறிவுடைமை ஆகாது. பயணியர் விமானம் பெரும்பாலும் மேகங்களுக்கு மேலே செல்வது. இரு விமானியர் ஒருவரையொருவர் கண்காணிப்பர். தரையிலிருந்தும் வழிகாட்டுதல் உண்டு. ஹெலிகாப்டரோ மலையும் மரமும் மின்கம்பியும் நிறைந்த தாழ்வெளியில் இயங்குவது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் அருகே நேர்ந்த விபத்தில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட பதினால்வர் உயிரிழந்தனர். வானிலை திடீரென மாற, ஊர்தி மேகத்துட் புக, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது.

செலவையும் எண்ணுதல் வேண்டும். வணிக விமானி உரிமம் பெற விமானத்திற்கு 200 மணி நேரமும், ஹெலிகாப்டருக்கு 150 மணி நேரமும் பறந்திருத்தல் வேண்டும். இரண்டிற்கும் பல இலட்சம் ரூபாய் செலவாகும். ஓர் உரிமம் மற்றொன்றற்குச் செல்லாது. நம் நாட்டில் பயணியர் விமான நிறுவனங்கள் பலரை வேலைக்கு எடுக்கின்றன. கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கும் மலைத் திருத்தலங்களுக்கும் பறக்கும் ஹெலிகாப்டர் நிறுவனங்களில் இடம் குறைவு. வீட்டை அடகு வைத்துப் பயிற்சி பெற்றுப் பின்னர் வேலையின்றி நிற்கும் பிள்ளையால் குடும்பமே துன்புறும் அன்றோ?

ஆதலின் என் கருத்து இதுவே: கடன் பெற்றுத்தான் பயில வேண்டும் என்னும் நிலையினர் ஹெலிகாப்டர்ப் பயிற்சியில் தம் பொருளை முடக்குதல் தகாது. அத்தொழிலில் உண்மையான வேட்கை உடையோர் விமானப்படை, கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றை நாடுதல் நலம். அங்கே பயிற்சிச் செலவை அரசே ஏற்கும். எப்பிரிவில் பறப்பது என்பதைப் படையே முடிவு செய்யும். அதற்கு உடன்படும் மனம் வேண்டும். பயணியர் விமானத்தை விரும்புவோரும் கடன் வாங்குமுன் அதன் அளவையும் அடைக்கும் வழியையும் வீட்டாருடன் அமர்ந்து கணக்கிடுதல் கடன்.

வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். மாணவர்களே! வானில் எவ்வளவு உயரம் பறப்பது என்று எண்ணுவதற்கு முன், நும் உடல்வலி, மனவலி, பொருள்வலி ஆகியவற்றை எண்ணுங்கள். கணிதமும் இயற்பியலும் இரு வழிக்கும் அடிப்படையாதலின், அவற்றைச் செவ்வனே கற்றிடுங்கள். நும் ஆற்றல் எங்கே பிறர்க்குப் பயன்படுமோ, அவ்வழியே நுமக்கு உயர்ந்த வழி ஆகும்.