பாதிப் பாய்

வாசக நேயர்களே, உங்களிடம் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊருக்கு 23ஆம் தேதி காலையில் காரில் கிளம்புகிறீர்கள். போய்ச் சேரும்போது இரவு பன்னிரண்டரை ஆகிவிடும். அப்படியானால் அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வீர்கள்?

"இதென்ன பெரிய கணக்கு? பன்னிரண்டு மணி அடித்தால் 24 பிறந்துவிடுகிறது. 24க்குத்தான்!" என்று சொல்கிறவர்கள், தயவு செய்து மேலே படியுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

2025ஆம் வருஷம் ஜூலை 24ஆம் தேதி ஆடி அமாவாசை. ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வரலாம் என்று நண்பர்கள் நால்வர் முடிவு செய்தோம். ஒருவர் வக்கீல். ஒருவர் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கார் அவருடையது. மூன்றாமவர் சரித்திர வாத்தியார். நான்காவது அடியேன்.

அறை பிடிக்கும் பொறுப்பு வாத்தியாருக்கு. பேரனின் உதவியோடு செல்போனில் பதிவு செய்யும் சமயத்தில் என்னைக் கூப்பிட்டு, "எந்தத் தேதி போடட்டும்?" என்று கேட்டார். "24 என்று போடும். ஒரு நாள் வாடகை மிச்சம்!" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

23ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சென்னையை விட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலை. சிதம்பரத்தில் சாப்பாடு, நாகப்பட்டினத்தில் காப்பி. இருட்டின பிறகு சேதுபாவாசத்திரத்தில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினோம். ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பார்த்தீர்களா, பெயரிலேயே சத்திரம்! சேது யாத்திரை போகிறவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் சேதுபதிகள் கட்டியவை. 1801இல் சரபோஜி மன்னர் இந்தச் சத்திரங்களைக் காப்பாற்றித் தரும்படி ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு, நோயில் விழுந்தால் வைத்தியர் உண்டு என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார்."

"நமக்கு எதற்கு ஐயா சத்திரம்? அறைதான் இருக்கிறதே!" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தோம்.

மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் தூக்கக் கலக்கத்தில் கடந்தன. நடுநிசிக்குப் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் போனோம். பக்கத்தில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். அதை அடுத்து, அந்த வருஷம் ஏப்ரலில்தான் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். கடற்காற்று முகத்தில் அடித்தது. இன்னும் சிறிது நேரத்தில் கட்டிலில் காலை நீட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் மணி பன்னிரண்டே முக்கால். குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

"அறை இருக்கிறது ஸார். ஆனால் 24 என்றால் இன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாளைப் பகல் பன்னிரண்டு வரை. இப்போது அந்த அறையில் ஒரு குடும்பம் தூங்குகிறது. இந்த ராத்திரிக்கு வேண்டுமானால் 23க்கு அல்லவா போட்டிருக்க வேண்டும்?"

வக்கீல் வாத்தியார் பக்கம் திரும்பினார். "நாற்பது வருஷம் சரித்திரம் நடத்தினீரே, தேதி பார்க்கத் தெரியாதா உமக்கு?" பாங்கிக்காரர் தன் பங்குக்கு, "பேரனிடம் விட்டால் இப்படித்தான்" என்றார்.

வாத்தியார் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு, "என் தப்புத்தான். மன்னிக்க வேண்டும்" என்றார்.

நேயர்களே, அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஊர் முழுக்கச் சுற்றினோம். லாட்ஜுக்கு லாட்ஜ் கையை விரித்தார்கள். கடை வாசலிலும் நடைபாதையிலும் ஜனங்கள் படுத்திருந்தார்கள். காருக்குள் நாலு பேர் உட்கார்ந்து வரலாம், தூங்க முடியாது. பாங்கிக்காரருக்கோ முதுகு வலி. வந்த வழியே திரும்பினோம். தங்கச்சிமடம் அருகே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் யாத்திரை பஸ் ஒன்று நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் கால் வைக்க இடமில்லை.

வாசற்படியோரம் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்தாள். "யாருப்பா அது? எடம் கெடைக்கலையா?"

"ஆமாம் பாட்டி."

"அதுக்கு ஏன் நிக்கிறீக? இந்தா, பாயில பாதி கெடக்கு. ஏலே, கொஞ்சம் நவுந்து படுங்கலே!"

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தார். பாட்டி ஒரு குரல் கொடுத்ததும் வரிசையே நகர்ந்தது. ஒரு ஜமுக்காளம் வந்தது. சரபோஜியின் சத்திரத்தில் இடம் கிடைத்தவர்கள் மாதிரி நாங்கள் படுத்தோம். வாத்தியார் தம் துண்டை மடித்து, தலையணையாக வைத்துக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினார். மூன்று பேரும் குறட்டை விட்டார்கள். நான் மட்டும் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். துண்டு அப்படி உறுத்தியது!

நாலு மணிக்கெல்லாம் மண்டபம் எழுந்துவிட்டது. அவர்களோடு நாங்களும் அக்னி தீர்த்தத்துக்குப் போனோம். தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிய பிறகு எனக்குக் கால் எழவில்லை. வக்கீலைக் கூப்பிட்டேன். "தேதி சொன்னது நான்தான். வாத்தியார் என்னைக் கேட்டுத்தான் போட்டார்" என்றேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "ராத்திரி நான் பேசியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஐயா" என்று வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் சிரித்தபடி என்னிடம் சொன்னது இதுதான்: "ராத்திரியே சொல்லியிருந்தால் நீராவது கொஞ்சம் தூங்கியிருப்பீரே!"

பாட்டியிடம் பணம் கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம். "படுத்து எந்திரிச்சதுக்கு என்னய்யா துட்டு?" என்று விட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் அறையைத் திறந்து விட்டார்கள். சாவியை வாத்தியார் நேரே பாட்டியின் கையில் கொடுத்தார். கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து வந்த பெண்கள் நாலு நாலு பேராக அந்த அறைக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டார்கள். சற்றுத் தலை சாய்த்தார்கள். பஸ் கிளம்பும் வரையில் நாங்கள் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தோம்.

ஆகவே நேயர்களே, நடுநிசிக்கு மேல் போய்ச் சேருவதானால், முந்தின நாள் தேதிக்கே அறை போடுங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றும் விடுதிக்குச் சொல்லி வையுங்கள். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

அதையும் மீறிக் கணக்குத் தப்பினால், தப்பியது யார் கணக்கு என்பதை அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள். பாதிப் பாயானாலும் நல்ல தூக்கம் வரும்.