காய்ச்சல் அடிக்குது... ஆனா டெஸ்ட்ல 'நெகட்டிவ்'! எந்த நாளில் எந்தப் பரிசோதனை? ஓர் அலசல்

காஞ்சிபுரம்:

மழைக்காலம் வந்தாலே திருப்புலிவனம், உத்திரமேரூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தருக்காவது காய்ச்சல், சளி, உடம்பு வலி. டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். ரிசல்ட் 'நெகட்டிவ்' என்று வருகிறது. ஆனால் காய்ச்சல் மட்டும் விட்டபாடில்லை.

இங்கேதான் ஜனங்க குழம்பிப் போகிறார்கள். 'நெகட்டிவ்'தானே என்று சிலர் மறுநாளே நடவு வேலைக்கோ, ஒரகடம் கம்பெனிக்கோ கிளம்பி விடுகிறார்கள். சிலர் பயந்துபோய் 2, 3 லேப் ஏறி இறங்கி, வாரக் கூலியையே தொலைத்து விடுகிறார்கள். இரண்டுமே ஆபத்துதான்.

ஒவ்வொரு டெஸ்டும் ஒவ்வொன்றைத் தேடுகிறது. எதைத் தேடுகிறது, எந்த நாளில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கேஸ் காஞ்சிபுரத்துக்காரர்!

தமிழ்நாட்டில் கொரோனா கணக்கு தொடங்கியதே காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் இருந்துதான். ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய 45 வயதுக்காரர் அவர். அவருக்குத் தொற்று உறுதியானதாக 2020 மார்ச் 7-ந்தேதி அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் அறிவித்தார். சென்னை ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று அவர் குணமானார்.

அப்போது எடுக்கப்பட்டது ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்ட். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுப்பார்களே, அதேதான்.

இதில் நடப்பது என்ன? குச்சியில் ஒட்டிய சளியை ஒரு திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுத்து மெஷினில் வைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இரண்டு மடங்காகப் பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். 10 சுற்று முடிந்தால் ஆயிரம் மடங்கு. 20 சுற்றில் 10 லட்சம் மடங்கு. 30 சுற்றில் 100 கோடி மடங்கைத் தாண்டிவிடும்!

அதனால்தான் துளியூண்டு கிருமி இருந்தாலும் மாட்டிக்கொள்கிறது. இந்தப் பெருக்கும் வித்தையை 1983-ல் கண்டுபிடித்த அமெரிக்கர் கேரி முல்லிசுக்கு 1993-ல் நோபல் பரிசே கிடைத்தது.

சி.டி. வேல்யூ வேறு... சி.டி. ஸ்கேன் வேறு!

2021-ல் இரண்டாம் அலை வந்தபோது 'சி.டி. எவ்வளவு?' என்பதுதான் எல்லோர் வாயிலும். பலர் இதை ஸ்கேன் என்று நினைத்துக் கொண்டார்கள். ஸ்கேன் என்பது நுரையீரலைப் படம் பிடிப்பது. சி.டி. வேல்யூ என்பது எத்தனையாவது சுற்றில் கிருமி கண்ணுக்குத் தெரிந்தது என்கிற எண்.

எண் குறைவாக இருந்தால் சளியில் கிருமி அதிகம். 35-க்குள் இருந்தால் 'பாசிட்டிவ்' என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆளின் நிலைமையைச் சொல்ல முடியாது. குச்சியைச் சரியாக விடாமல் எடுத்தாலே எண் மாறிவிடும்.

இன்னொரு சங்கதி. செத்துப்போன கிருமியின் மிச்சத்தையும் இந்த டெஸ்ட் காட்டும். ஆள் தேறிய பிறகும் 'பாசிட்டிவ்' வந்து, ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2020 மே 8-ல் விதியை மாற்றினார்கள். லேசான பாதிப்பு உள்ளவர்களை, அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி 3 நாள் காய்ச்சலும் இல்லாவிட்டால், டெஸ்ட் எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று அறிவித்தார்கள்.

சீன கிட்... வந்த வேகத்தில் திரும்பியது!

2020 ஏப்ரலில் 'ரேப்பிட் கிட்' என்ற பெயரில் சீனாவில் இருந்து கிட்டுகள் வந்து இறங்கின. சொட்டு ரத்தம் போதும், அரை மணி நேரத்தில் ரிசல்ட் என்றார்கள்.

இது கிருமியைத் தேடும் டெஸ்ட் இல்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது ரத்தத்தில் உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நேற்று தொற்று வந்தவருக்கு இன்று எடுத்தால் 'நெகட்டிவ்'தான் வரும்!

போதாக்குறைக்கு, வந்த கிட்டுகளின் தரமும் சரியில்லை. மாநிலங்களில் இருந்து புகார் குவிந்ததும் ஏப்ரல் 27-ல் பயன்பாட்டை நிறுத்தி, திருப்பி அனுப்பச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். தமிழக அரசும் 24 ஆயிரம் கிட்டுகளைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தது.

இதில் விலைக் கூத்தும் நடந்தது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட், அரசுக்கு 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது டெல்லி ஐகோர்ட்டில் அம்பலமானது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

கார்டு டெஸ்ட்: 'பாசிட்டிவ்' என்றால் நம்பலாம்... 'நெகட்டிவ்' என்றால்?

2020 ஜூனில் அனுமதிக்கப்பட்டது ஆன்டிஜென் டெஸ்ட். மூக்குச் சளியை ஒரு கார்டில் விட்டால் கோடு விழும். கால் மணி நேர வேலைதான். இது கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. ஆனால் பெருக்கிக் காட்டும் வித்தை இதில் கிடையாது.

முதலில் வந்த கிட்டைச் சோதித்த ஐ.சி.எம்.ஆர்., தொற்று உள்ள 100 பேரில் சுமார் 50 முதல் 84 பேரைத்தான் இது கண்டுபிடிக்கிறது என்று சொன்னது. அப்படியானால் 16 முதல் 50 பேர் 'நெகட்டிவ்' சீட்டோடு வீட்டுக்குப் போய், குடும்பத்துக்கே பரப்பியிருப்பார்கள். அதனால்தான் அறிகுறி இருந்து கார்டில் 'நெகட்டிவ்' வந்தால், கட்டாயம் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பல மாநிலங்கள் கார்டு டெஸ்டுக்குத் தாவியபோதும், தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆரையே பிடித்துக் கொண்டதற்கு இதுதான் காரணம்.

செலவு மட்டும் கையைக் கடித்தது. தனியாரில் 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு வரம்பு வைத்தது. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு அதை 3,000 ரூபாயாகக் குறைத்தது. தினக்கூலிக்காரருக்கு அதுவே பல நாள் சம்பளம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுத்ததால்தான் ஏழைபாழைகள் தப்பித்தார்கள்.

டெங்குவிலும் இதே கணக்கு!

கொரோனா அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்து விட்டது. டெங்கு மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கிறது. கொரோனாவில் கற்ற பாடம் இங்கேதான் கைகொடுக்கிறது.

டெங்குவுக்கு 2 டெஸ்ட் உண்டு. ஒன்று என்.எஸ்.1. கிருமியின் புரதத்தைத் தேடுவது. காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் எடுக்க வேண்டும். இன்னொன்று ஐ.ஜி.எம். எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. 5 நாளுக்குப் பிறகு எடுக்க வேண்டும். 2-ம் நாள் ஐ.ஜி.எம். எடுத்துவிட்டு 'டெங்கு இல்லை' என்று நிம்மதியாக இருந்தால், அது ஏமாந்த நிம்மதி!

கார்டில் பார்ப்பதைவிட 'எலைசா' முறையில் பார்ப்பதுதான் நம்பகமானது. பிளேட்லெட் கவுன்ட் என்பது டெங்கு டெஸ்டே கிடையாது. வேறு காய்ச்சலிலும் அது குறையும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்... டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். 'சூடு இறங்கிடுச்சு' என்று வேலைக்குக் கிளம்பக் கூடாது. கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தலைசுற்றல்... இதில் ஒன்று இருந்தாலும், கையில் 'நெகட்டிவ்' சீட்டு இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெடிக்கல் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கி விடும்.

டாக்டரிடம் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது, காய்ச்சல் எந்தக் கிழமை ஆரம்பித்தது என்பதைத்தான். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். எந்த டெஸ்ட் எடுப்பது என்பதை முடிவு செய்வதே அந்தத் தேதிதான். காசு கொடுத்து லேபுக்கு ஓடுவதற்கு முன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையோ உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியையோ எட்டிப் பார்த்தால், காசும் மிச்சம், உயிரும் மிச்சம்!