ஆளில்லாத அழகு

கடற்கரை ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "ஜன சந்தடியே இல்லாத இடம்" என்பதை ஒரு விசேஷ குணமாகப் பாராட்டுவது வழக்கம். சந்தடி ஏன் இல்லை, ஒரு காலத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை. அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில், கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் டிங்கிள் தீபகற்பத்தையும், அதன் மேற்கு நுனியில் உள்ள டன்குவின் என்ற சிற்றூரையும் பார்த்து வந்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்காமல் அங்கே அழகை ரசிப்பது அரைப் பார்வையே என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டுவிட்டது.

அழகுக்கு அங்கே குறைவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணியும் கயிறும் விற்கிற கடையும் மதுக்கடையும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற டிங்கிள் பட்டணத்தை விட்டு மேற்கே புறப்பட்டால், ஸ்லீ ஹெட் முனையைச் சுற்றிச் செல்லும் சாலை ஒரு பக்கம் மலையையும் மறுபக்கம் பாதாளத்தில் சமுத்திரத்தையும் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பெரிய பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஆகையால் எல்லாரும் பிரதட்சிணமாகவே சுற்றி வருவது ஊர் மரியாதை. ஓரிடத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடை பாலத்தின் கீழே போகாமல் சாலையின் மேலேயே ஓடுகிறது. வண்டிகள் சக்கரம் நனைத்துக் கடக்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்து இந்த ஈர மண்ணில் சொந்தம் கொண்டாடும் ஃபியூஷியாச் செடிகள் வேலியெங்கும் செந்நிறப் பூக்களைத் தொங்கவிட்டிருக்கின்றன. வடக்கே 952 மீட்டர் உயரமுள்ள பிராண்டன் மலை மேகத்துக்குள் தலையை மறைத்து நிற்கிறது.

இந்தப் பிரதேசத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் கல்லரஸ் என்ற சிறு தேவாலயம். காலம் ஏழாம் எட்டாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியவனின் கைத்திறனைப் பற்றி மட்டும் வாதத்துக்கு இடமில்லை. கவிழ்த்துப் போட்ட ஓடம் போன்ற அந்தக் கட்டடத்தில் சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடச் சற்றே உள்வாங்கி அடுக்கி, மழைநீர் உள்ளே கசியாமல் வழிந்தோடும்படி வெளிப்புறமாகச் சற்றே சாய்த்து வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு உட்புறம், தலைக்கு மேலே, துளையிட்ட இரண்டு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மரக்கதவைத் தொங்கவிட அமைத்தவை. கதவு மக்கிப் போய்விட்டது. கூரையின் நடு முகடு லேசாகத் தொய்ந்திருக்கிறதே தவிர, பல நூற்றாண்டுகளாக அட்லாண்டிக் மழை மோதியும் உட்புறம் உலர்ந்தே கிடக்கிறது.

டன்குவினில் ஊர் என்று சொல்லும்படியான கடைவீதியோ சதுக்கமோ இல்லை. மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், அவற்றுக்குக் கீழே பாறையைச் சுற்றி மடங்கி மடங்கிச் செங்குத்தாக இறங்கும் ஒரு சிமெண்டுப் பாதை, அதன் முடிவில் படகுத்துறை. எதிரே தெரிவது பெரிய பிளாஸ்கெட் தீவு. கரைக்கும் தீவுக்கும் இடையே மிகக் குறுகலான இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் நான் போன அன்று வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்க, அலை மட்டும் அதிகமென்று படகு விடவில்லை. எனக்கு அதனால் நஷ்டம் ஒரு பகல் பொழுது. தீவில் வாழ்ந்தவர்களுக்கோ இதே அலை உயிர்ப் பிரச்சினை.

1916ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய 170 பேர் அங்கே இருந்தார்கள். கோயிலில்லை, பாதிரியாரில்லை, வைத்தியரில்லை, கடையில்லை. பிள்ளை பெறுவதற்கு ஆபத்து வந்தாலும், இறந்தவரைப் புதைக்க வேண்டுமானாலும், மரச்சட்டத்தில் கித்தான் துணி போர்த்தித் தார் பூசிய ஓடத்தில் இந்தக் கடலைத்தான் தாண்டியாக வேண்டும். இளைஞர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் அவர்களுக்கு இரண்டாவது ஊராயிற்று. 1941இல் பள்ளிக்கூடம் மூடிற்று. 1947இல், புயலால் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டவர்கள் உணவு கேட்டுப் பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். கடைசியாக 1953 நவம்பரில், எஞ்சியிருந்த 22 பேரை அரசாங்கம் கரைக்குக் குடியேற்றிற்று.

அவர்கள் விட்டுப் போன சொத்து, வீடுகளின் கற்சுவர்களும் சில புத்தகங்களுமே. தோமாஸ் ஓ கிரிஹின் என்ற மீனவர் பள்ளியில் கற்றது ஆங்கில எழுத்து. தன் தாய்மொழியாகிய ஐரிஷை வாசிக்கப் பழகியதோ நடுவயதில், கடல் சீறும் நாட்களில் டன்குவினில் மாட்டிக்கொண்டு, தங்கிய வீட்டுப் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து. 1917இல் தீவுக்கு வந்த பிரையன் ஓ கெல்லி என்ற கில்லார்னிக்காரர் அவருக்கு பியர் லோத்தியின் மீனவர் நாவலையும், கார்க்கியின் இளமை நினைவுகளையும் வாசித்துக் காட்டி, சாமானிய மனிதனின் ஜீவியமும் எழுதத் தகுந்ததே என்று நம்ப வைத்தார். 1929இல் ஓ கிரிஹினின் சுயசரிதை வெளிவந்தது. 1933இல் மாரிஸ் ஓ சல்லிவன் என்ற இளைஞரும் எழுதினார். 1936இல் பெக் சேயர்ஸ் என்ற அம்மையார் தாம் சொல்ல மகன் எழுத ஒரு நூல் தந்தார். அது பிற்பாடு பள்ளிப் பாடமாகி, பல தலைமுறை மாணவர்களின் வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. கைப்பிடியளவு தீவிலிருந்து ஓர் இலக்கியமே பிறந்தது என்று உலகம் வியக்கிறது. வியக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த நூல்கள் எழுதப்படும்போதே தீவு காலியாகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தீவுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தீபகற்பத்து மலைச்சரிவுகளைக் கவனித்தால், இன்றைய வயல்களுக்கு வெகு மேலே, ஆடுகள் மட்டுமே மேய்கிற இடங்களில், பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேடுபள்ளங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. 1845இல் கிழங்கைத் தாக்கிய நோயும், அந்நாளைய ஆட்சியின் கல்நெஞ்சமும் சேர்ந்து விளைவித்த பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். நாம் புகைப்படம் எடுக்கும் பச்சைத் தனிமையில் இயற்கையின் பங்கோடு பசியின் பங்கும் இருக்கிறது.

இதில் விந்தை ஒன்றுண்டு. மனிதர் வாழ லாயக்கற்றது என்று அரசாங்கம் காலி செய்த அதே தீவில், கோடைகாலத்தில் தங்கிச் சிற்றுண்டிக் கடையையும் விருந்தினர் குடில்களையும் கவனித்துக்கொள்ள இருவர் தேவை என்று 2020இல் விளம்பரம் வந்தபோது, உலகெங்கிலுமிருந்து பல்லாயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அவர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. வயது அனுமதித்தால் நானே விண்ணப்பித்திருப்பேன். குளிர் தொடங்குமுன் திரும்பிவிடலாம் என்ற நிச்சயம் இருக்கிறபோது தனிமை தித்திக்கிறது. அந்த நிச்சயம் இல்லாதவர்களுக்கு அது தண்டனை.

1969இல் டேவிட் லீன் தம் 'ரயன்ஸ் டாட்டர்' திரைப்படத்துக்காக டன்குவின் மலைமேல் கல்லாலேயே ஒரு கிராமத்தைக் கட்டினார். கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையும் எழுப்பினார். படம் முடிந்ததும் கிராமத்தை இடித்துவிட்டார்கள். 1970இல், பிள்ளைகள் போதவில்லை என்று அரசாங்கம் டன்குவினின் உண்மையான பள்ளிக்கூடத்தை மூடிற்று. எதிரே இருக்கும் தீவில் பள்ளி மூடிய பன்னிரண்டாம் ஆண்டில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்ட ஊர் அது. ஆகவே ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை. தாங்களே பள்ளியை நடத்திக்கொண்டு போராடினார்கள்; 1973இல் அரசாங்கம் இறங்கிவந்து அதைத் திறந்தது. டிங்கிள் தீபகற்பத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று நண்பர்கள் கேட்டால், ஸ்லீ ஹெட்டையும் கல்லரஸையும் சொல்லிவிட்டு, அந்தச் சாதாரணப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே படம் எடுக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்றும் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.