ஆங்கில நாட்டுப்புறப் பாடலும் ஆறு நரம்புக் கிட்டாரும்

நாட்டுப்புறப் பாடல் என்றவுடன் ஏட்டில் அச்சிடப்பெற்ற வரிகளே இன்று நம் மாணவர்தம் நினைவிற்கு வருகின்றன. தொகுத்தவர் பெயர், பதிப்பித்த ஆண்டு, பாடலின் வகை ஆகியவற்றை மனனம் செய்து தேர்வில் விடையெழுதி விடுகின்றனர். அப்பாடலைக் காதால் கேட்டதுண்டா என வினவினால் விழிக்கின்றனர். இதற்கு மாணவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. நாட்டுப்புறவியல் என்னும் துறையே எழுத்தை நம்பி வளர்ந்த துறையாகும். பாடலைச் சுவையாமல் அதனை ஆராய்தல் இயலாது என்பது நம் துணிபு. இதனை நிறுவுதற்குப் பிரித்தானிய நாட்டுப்புற இசையினும் நல்லதொரு சான்று நமக்குக் கிட்டவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்பார் ஆங்கிலேய, ஸ்காத்லாந்துக் கதைப்பாடல்கள் 305ஐப் பாடவேறுபாடுகளோடு தொகுத்தார். 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக அவை வெளிவந்தன. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் முன்னோர் உழைப்பிற்கு எவ்வகையிலும் குறையாத உழைப்பு அது. எனினும் அத்தொகுதிகளில் சொற்களே நிறைந்திருந்தன. மெட்டுகள் அருகியே இருந்தன.

மெட்டைத் தேடிச் சென்றவர்களுள் தலையாயவர் செசில் ஷார்ப். 1903ஆம் ஆண்டு சாமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் என்னும் ஊரில், பாதிரியார் இல்லத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பாடிய தோட்டக்காரர் ஒருவரின் பாட்டு அவர் செவியில் விழுந்தது. அந்தத் தோட்டக்காரரின் பெயர் ஜான் இங்கிலாந்து. இங்கிலாந்தின் பாட்டை இங்கிலாந்து என்னும் பெயருடையவரே வழங்கினார் என்பது புனைந்துரை போலத் தோன்றினும் வரலாறேயாம். அன்று தொடங்கி 1924இல் மறையும் வரை ஏறத்தாழ 5000 மெட்டுகளை ஷார்ப் எழுதிச் சேர்த்தார். இலண்டனில் 1930இல் திறக்கப்பெற்ற செசில் ஷார்ப் இல்லம் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

அவர்க்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆனால் அவர் செய்ததென்ன? தோட்டக்காரரின் பாட்டிற்குப் பியானோ துணையிசை அமைத்தார். நாணத்திற்குரியன எனக் கருதிய சொற்களை மாற்றிப் பள்ளிப் பிள்ளைகள் பாடும் வண்ணம் ஒழுங்குபடுத்தினார். பாட்டு வாழ்ந்தது, பாடியவர் குரல் மறைந்தது. 1906இல் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பெர்சி கிரெயிங்கர் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று ஜோசப் டெய்லர் என்னும் முதியவரின் பாடலைப் பதிவு செய்தார். 1908இல் அம்முதியவர் பாடிய இசைத்தட்டுகளே வெளிவந்தன. கீறல் ஒலிகளுக்கிடையே இன்றும் அவற்றைக் கேட்கலாம். சுரத்திலிருந்து சுரத்திற்கு அவர் வழுக்கிச் செல்லும் நயத்தையும், சொல்லின் ஈற்றில் தரும் சிறு அசைவையும் எந்தக் குறியீட்டால் எழுதிக் காட்ட முடியும்? சைல்டின் தொகுதிகளைக் கற்றவர் அந்த இசைத்தட்டைக் கேளாதிருந்தால் அவர் கற்றது பாதியே.

இனிக் கிட்டாருக்கு வருவோம். இம்மரபில் கிட்டார் பழைய கருவியன்று. ஆங்கிலச் சிற்றூர்களில் பாடினோர் பெரும்பாலும் துணைக்கருவியின்றித் தனிக்குரலிலேயே பாடினர். 1950களில் லோனி டொனகன் பாடிய அமெரிக்கப் பாடல்கள் பரவியபோதுதான் மலிவு விலைக் கிட்டார்கள் இளைஞர் கைகளுக்கு வந்தன. மூன்று கூட்டுச் சுரங்களைக் கற்றுக்கொண்டால் எப்பாட்டையும் பாடிவிடலாம் என்னும் துணிவும் உடன் வந்தது. அமெரிக்கப் பாட்டிற்கு அது பொருந்திற்று. பழைய ஆங்கில மெட்டுகளுக்குப் பொருந்தவில்லை. அம்மெட்டுகள் பல, மேலை இசையின் பெரும் பண், சிறு பண் என்னும் இரட்டைப் பகுப்பிற்குள் அடங்காதவை. கூட்டுச் சுரங்களை அவற்றின்மேல் சுமத்தினால் மெட்டின் முதுகு முறிந்துவிடும்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் டேவி கிரகாம். தந்தை ஸ்காத்லாந்தின் ஸ்கை தீவினர். தாய் கயானா நாட்டவர். 1940இல் பிறந்த இவர், 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ சென்றார். அங்கே ‘ஊத்’ வாசிக்கும் கலைஞர்களோடு இணைந்து வாசிக்க விரும்பிய அவர்க்குத் தம் கிட்டாரின் வழக்கமான சுருதி இடையூறாக இருந்தது. ஆகவே முதல், இரண்டாம், ஆறாம் நரம்புகளை ஒவ்வொரு முழுச் சுரம் தாழ்த்திக் கூட்டினார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்னும் இச்சுருதிமுறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் இசை வழக்கில் கூறுவதாயின், தாழ்ந்த நரம்பிலிருந்து ச, ப, ச, ம, ப, ச என அமையும். இதில் காந்தாரம் இல்லை என்பது நோக்கற்பாலது. பண்ணின் தன்மையை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் சுரம் கருவியில் இல்லாமையால், எந்தக் காந்தாரத்தைத் தொடுவது என்னும் உரிமை மெட்டிற்கே கிடைத்துவிடுகிறது. தாழ்ந்த நரம்புகள் தம்புராவைப் போல் ஆதாரமாக ஒலித்துக்கொண்டிருக்க, மேல் நரம்புகளில் மெட்டு நடக்கிறது. மொராக்கோ நாட்டு இசைக்காக எழுந்த இம்முறை, ஐரிஷ், ஸ்காத்லாந்து மெட்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்தியது.

‘ஊத்’ என்னும் அரபுக் கருவிக்கும் ஐரோப்பாவிற்கும் உள்ள உறவு இதனினும் பழையது. ‘அல் ஊத்’ என்பதே ‘லூட்’ என ஆங்கிலத்தில் திரிந்தது; முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் வழியாக அக்கருவி ஐரோப்பாவிற்குள் புகுந்தது. ஆகவே கிரகாம் மொராக்கோ சென்றதை அயல்வீடு புகுந்ததாக நாம் கருதவில்லை. தாய்வீடு சென்றதாகவே கருதுகிறோம். 1960களின் நடுவில் சசெக்ஸ் பகுதிப் பாடகி ஷெர்லி காலின்ஸும் அவரும் இணைந்து வெளியிட்ட இசைத்தட்டில், ஒப்பனையற்ற நாட்டுப்புறக் குரலும் அந்த அரபு நிழல் படிந்த நரம்பொலியும் ஒன்றையொன்று மதித்து நடக்கின்றன.

கிளாஸ்கோவில் பிறந்த பெர்ட் ஜான்ஷ் மற்றொரு வகையினர். 1965இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டை இரவல் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்தவர். நரம்பைச் சுண்டி இழுத்து, சற்றே முரட்டுத்தனமாக மீட்டுவார். இரண்டு மூன்று குரல்கள் ஒன்றோடொன்று வாதிடுவது போலிருக்கும். மார்ட்டின் கார்த்தியோ கட்டைவிரலைத் தாளமாக ஊன்றி, பாட்டின் மெட்டையே கிட்டாரிலும் மீட்டிச் செல்வார். சொல் நீளும் இடத்தில் கிட்டாரும் காத்து நிற்கும். கதைப்பாடலில் கதையே தலைமை, கருவி அதன் ஏவலாள் என்னும் தெளிவு அவரிடம் இருக்கிறது. மூவருள் நம் நெஞ்சிற்கு நெருக்கமானவர் யாவர் எனக் கேட்டால் கார்த்தியையே சுட்டுவோம்; இலக்கியம் பயிற்றுவோரின் ஓரவஞ்சனை என இதனைக் கொள்க.

கார்த்தி பாடிவந்த ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்னும் பாட்டை அமெரிக்கப் பாடகர் பால் சைமன் இலண்டனில் அவரிடமிருந்து கற்றார். 1966இல் சைமனும் கார்ஃபங்கலும் வெளியிட்ட இசைத்தட்டின் வழி அது உலகப் புகழ் பெற்றது. கார்த்தியின் பெயர் அதில் இடம்பெறவில்லை. மனக்கசப்பு நெடுங்காலம் நீடித்து, 2000ஆம் ஆண்டு இலண்டன் மேடையில் இருவரும் சேர்ந்து அப்பாட்டைப் பாடியதோடு தீர்ந்தது. பாட்டு ஊர்ச்சொத்துத்தான், அதற்குக் கண்டுபிடித்த நடை ஒருவரின் உழைப்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் நம்மிடையேயும் உளர்.

இவ்விசை வளர்ந்த இடம் யாது? நாட்டுப்பாடல் மன்றங்கள் என்னும் சிற்றறைகளே. ஐம்பது அறுபது பேர் நெருக்கியமர்ந்தால் நிரம்பிவிடும். ஒலிபெருக்கி இராது. சிறப்புப் பாடகர் பாடுவதற்கு முன் அவையிலிருந்தே சிலர் எழுந்து ஒன்றிரண்டு பாடுவர். பல்லவி வரும்போது அறை முழுவதும் சேர்ந்து பாடும். கதைப்பாடல் நடக்கையில் இருமல் ஒலியும் எழாது. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே மூன்றடித் தூரமே இருப்பதால் பாசாங்கு செல்லாது. கிரகாம் 1967இல் ஹல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி முடிந்தபின் மாணவர் அறையொன்றில் அமர்ந்து வாசித்ததன் ஒலிப்பதிவு உள்ளது. அதில் கேட்கும் நெருக்கம் கூடத்தில் செய்த எந்தப் பதிவிலும் இல்லை.

இம்மன்றங்கள் பல மதுவிடுதிகளின் மாடியிலும் பின்கட்டிலும் கூடியதைச் சமுதாயப் பெரியவர்கள் சுட்டிக்காட்டக்கூடும். உண்மையே, குறைந்த செலவில் கிடைத்த அறைகள் அவை. ஆயினும் 1965 முதல் 1972 வரை இலண்டன் கிரீக் தெருவில் ஒரு நிலவறையில் நடந்த ‘லே கசின்ஸ்’ என்னும் புகழ்பெற்ற மன்றம் மது விற்கும் உரிமம் இன்றியே இரவிரவாக நடந்தது. ஜான்ஷ் முதலியோர் புகழ் வளர்ந்தது அங்கேதான். மக்களை அமர்த்திவைத்தது பாட்டேயன்றிப் பிறிதில்லை.

இம்மன்றங்களில் ஒரு பெரும் வழக்கும் நடந்தது. பாடகர் ஈவான் மெக்கால், தம் மன்றத்தில் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு, தத்தம் மொழிப் பாடலையே பாடவேண்டும் என விதித்தார். இலண்டன் இளைஞன் அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளியின் குரலைப் போலி செய்தல் தகாது என்பது அவர் வாதம். வானொலிக்காகப் பெக்கி சீகர், சார்லஸ் பார்க்கர் ஆகியோருடன் 1958 முதல் 1964 வரை அவர் ஆக்கிய இசைச்சித்திரங்களில் இரயில் ஓட்டுநரும் மீனவரும் தம் குரலிலேயே பேசினர். இத்துணைப் பெரும்பணி ஆற்றியவரின் விதியை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. தன் மரபை அறியாதவன் பிறர் மரபைப் பாடினால் அது வேடமாகவே முடியும். எனினும் அவ்விதியைக் கிரகாம் கைக்கொண்டிருந்தால் மொராக்கோ சென்றிருக்கமாட்டார். ஐரிஷ் மெட்டிற்கு அந்தச் சுருதியும் கிடைத்திராது. வேலி பயிருக்கு வேண்டும். நீர் வரும் வாய்க்காலையும் அடைத்துவிட்டால் வேலி எதற்கு?

ரிச்சர்டு தாம்சனைப் பற்றியும் கூறவேண்டும். 1949இல் இலண்டனில் பிறந்த இவர் ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழுவின் தொடக்க உறுப்பினர். 1969 மே மாதம் அக்குழுவினர் சென்ற ஊர்தி விபத்திற்குள்ளாகிப் பத்தொன்பது வயது நிரம்பிய தாளக்கலைஞர் மார்ட்டின் லாம்பிள் மாண்டார். துயரில் ஆழ்ந்த குழுவினர் பழைய கதைப்பாடல்களின்பால் திரும்பினர். அவ்வாண்டின் இறுதியிலேயே ‘லீஜ் அண்டு லீஃப்’ வெளிவந்தது. 1970களில் தாம்சன் இஸ்லாத்தைத் தழுவி சூஃபி வழியில் ஈடுபட்டார். இசைத் தொழிலிலிருந்து சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 1978இல் ‘ஃபர்ஸ்ட் லைட்’ இசைத்தட்டோடு திரும்பினார். இசை குறித்து ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவைக்கும் தகுதி நமக்கில்லை. அதற்கு இம்மலர் இடமுமன்று. ஆனால் அவ்வினாவை ஏட்டில் எழுப்பாமல் தம் வாழ்விலேயே எழுப்பிக்கொண்ட கலைஞர் என்னும் வகையில் அவர் நம் மதிப்பிற்குரியவர். 2021இல் வெளிவந்த ‘பீஸ்விங்’ என்னும் தன்வரலாற்றில் அக்காலத்தைப் பற்றி எழுதியுள்ளார்.

துறைக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. நாட்டுப்புறவியல் தாளில் வாரம் ஒரு பாடவேளையைக் கேட்பதற்கென ஒதுக்குவோம். அந்த வேளையில் குறிப்பெடுத்தல் வேண்டா, கரும்பலகையும் வேண்டா. முதல் வாரம் ஜோசப் டெய்லரின் 1908ஆம் ஆண்டு இசைத்தட்டு. இரண்டாம் வாரம் கார்த்தி. மூன்றாம் வாரம் கிரகாமின் ஊத் மணக்கும் கிட்டார். நான்காம் வாரம் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டுவந்த தாலாட்டை, மெட்டுப் பிசகினாலும் பரவாயில்லை, எழுந்து நின்று பாடட்டும்.