மாத்திரையும் மேற்பார்வையும்

ஹெந்தளையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறி, வைத்தியருக்கும் ஸ்கேனுக்கும் பணத்தைக் கொட்டுவதைவிட, அயல்வீட்டு அக்காவுக்குக் கருத்தரிக்கப் பலித்த குளோமிஃபீன் மாத்திரையைப் பாமசியில் வாங்கி விழுங்குவதே விவேகம் என்று வாதிக்கும் அன்பர், செலவைப் பற்றிச் சொன்னது மெய்யே. அதிலிருந்து அவர் அடைந்த முடிவோ விபரீதமானது.

மூளையிலுள்ள ஈஸ்திரோஜன் ஏற்பிகளை மறைத்துச் சூலகத்துக்குச் செல்லும் தூண்டுதலை மிகுவிக்கும் அம்மருந்து, கருக்குழாய் இரண்டும் அடைபட்டவளுக்கும், கணவனிடத்தே விந்தணுக் குறைவுள்ளவளுக்கும் யாது பயன் தரும்? வீட்டார் பழியெல்லாம் மருமகள்மேல் சுமத்திவிட்டு, மகனின் விந்துப் பரிசோதனையை ஒத்திப்போடுவதன்றோ பெருஞ்செலவு?

மாதவிலக்கின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் தொடங்கி, நாளொன்றுக்கு 50 மில்லிகிராமாக 5 நாட்கள் உட்கொள்வதே வழக்கமான ஆரம்பம். எத்தனை முட்டைப்பைகள் முதிர்ந்தன என்பதை ஸ்கேனே காட்டும். பார்வை மங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். வயிறு உப்பி மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்கே விரையவேண்டும்.

சூலகத்தைத் தூண்டக் கொடுக்கும் மற்றொரு மருந்தாகிய லெட்ரோசோலை இந்தியா 2011இல் இவ்வுபயோகத்துக்குத் தடைசெய்ததைக் காட்டி, வைத்தியர்களையே சந்தேகிக்கிறார் அன்பர். சூலக நீர்க்கட்டி நோயுள்ள 750 பெண்களிடம் நடத்தி, 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் பெற்றோருள் 27.5 சதவீதத்தினரும், குளோமிஃபீன் பெற்றோருள் 19.1 சதவீதத்தினரும் மகவு ஈன்றனர். 2017இல் அத்தடையும் நீங்கிற்று. பரிசோதனையால் திருந்துவதே சாஸ்திரம். அயலாரின் மிச்ச மாத்திரைக்கு அந்த யோக்கியதை இல்லை.