பத்து ரூபாய் விலை, ஏழு ரூபாய்ப் பங்கு

அலைக்கற்றை ஏலத்தின் வகையில் வோடஃபோன் ஐடியா மத்திய அரசுக்குத் தர வேண்டியிருந்த பாக்கியில் 36,950 கோடி ரூபாய், 2025 ஏப்ரலில் பங்குகளாக மாறியது. பங்கு ஒன்று 10 ரூபாய் வீதம் 3,695 கோடிப் பங்குகள். அரசின் கையிருப்பு 48.99 விழுக்காடானது. அந்த நாட்களில் அதே பங்கு சந்தையில் ஏழு ரூபாயை ஒட்டிக் கைமாறிக்கொண்டிருந்தது. 10 ரூபாய் என்பது பங்கின் முகமதிப்பு. அதற்குக் கீழே பங்கு வெளியிடுவதை நிறுவனச் சட்டத்தின் 53ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. அந்த விலை சட்டம் போட்ட தரை. அதை மதிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளலாகாது.

ஆனால் மதிப்பீட்டாளர்களாகிய நாம் அப்படி எடுத்துக்கொள்கிறோம். வெளியீட்டு விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கி, தீர்ந்த கடனோடு அது பொருந்தினால் கையெழுத்திட்டுவிடுகிறோம். இது பெருக்கல் கணக்கு, மதிப்பீடாகாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். தொழிலின் மதிப்பு 600 கோடி, வங்கிக் கடன் 1,000 கோடி. பாதிக் கடனை விட்டுக்கொடுத்து வங்கிகள் 80 விழுக்காடு பங்கு பெறுகின்றன. மீதக் கடன் 500 கோடி போக, மொத்தப் பங்குகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 100 கோடி. வங்கிகளுக்கு அதில் 80 கோடி. மாற்றத்துக்கு முன் தொழிலின் 600 கோடியும் வங்கிகளுக்கே உரியது. இப்போது அவர்களிடம் 580. மறைந்த 20 கோடி எங்கே? ஏதும் மிஞ்சாதிருந்த பழைய பங்குதாரரிடம். இந்த இடப்பெயர்ச்சியைக் காட்டாத மதிப்பீட்டு அறிக்கை, கடன் கொடுத்தவருக்கு எதையுமே சொல்லவில்லை.

நிறுவனத்தின் ஏட்டிலும் இதே கதைதான். இந்தியக் கணக்கியல் தரம் 109இன் பின்னிணைப்பு, தந்த பங்குகளை நியாய மதிப்பில் அளந்து, தீர்ந்த கடனுக்கும் அதற்குமான வேறுபாட்டை இலாப நட்டக் கணக்கில் காட்டச் சொல்கிறது. மேலே சொன்ன கணக்கில் அது 420 கோடி இலாபம். கடன் கொடுத்தவரே பங்குதாரராகவும் இருந்து அந்த நிலையில் செயல்பட்டால் இவ்விதி பொருந்தாது. எனவே அவர் எந்த நிலையில் செயல்பட்டார் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

2011இல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் கடனை வங்கிகள் பங்காக்கியபோது விலை 64 ரூபாய் 48 காசு. சந்தையில் சுமார் 40. அடுத்த ஆண்டு அக்டோபரில் விமானங்கள் நின்றன. கடந்தகாலச் சராசரி விலையை வைத்து, நொடித்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் பங்குக்கு விலை சொல்வதன் ஆபத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படியான கடன் மறுசீரமைப்புத் திட்டங்களிலும், சட்டப்படியான தீர்வுத் திட்டங்களிலும் முகமதிப்புக்குக் கீழே பங்கு தர 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. சட்டத் தரையைச் சாக்குச் சொல்லும் நிலை அங்கே இல்லை.

மதிப்பீட்டாளர்களே, அடுத்த அறிக்கையில் தொழிலின் மதிப்பு, மாற்றத்துக்குப் பின் மிஞ்சும் கடன், புதிய பங்கு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வெளியீட்டு விலை அதற்குப் பிறகு வரட்டும்.