விராலுக்குப் புண்... கடற்பாசியில் மருந்து!

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாவும் ஐப்பசி, கார்த்திகையில் பெருகினால் கள்ளக்குறிச்சி விவசாயிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், குட்டையில் விரால் வளர்ப்பவருக்கு அதுவே கவலைக் காலம். மழைநீர் புகுந்து குளிர் கூடும்போது மீனின் உடலில் முதலில் சிவப்புப் புள்ளி, பிறகு சதையைத் தின்னும் புண். ஆறு மாத உழைப்பு சில நாள்களில் செத்து மிதக்கும்.

இதற்குக் காரணம் ‘அஃபனோமைசிஸ்’ என்கிற, பூஞ்சை போன்ற நீர்வாழ் கிருமி. 1971-ல் ஜப்பானில் தலைகாட்டி, 1988-ல் இந்தியாவுக்குள் நுழைந்தது. விராலை எளிதில் தாக்கும். ஜிலேபி மீனும் சாதாக் கெண்டையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

முன்பெல்லாம் பூஞ்சை என்றாலே ‘மாலகைட் கிரீன்’ என்ற பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். அது மீனின் சதையில் தங்கும். புற்றுநோய் அச்சமும் உண்டு. அதனால் உணவு மீன்களுக்கு அதைப் பயன்படுத்தத் தடை.

மாற்று தேடுபவர்களின் பார்வை இப்போது கடற்பாசி பக்கம். மண்டபம் கடலோரத்தில் ‘கட்டக்கோரை’ எனப்படும் சர்காசம் பாசி ஏராளம். அதன் சாற்றில் வெள்ளி உப்புக் கரைசலைக் கலந்தால், வெளிர் மஞ்சள் நிறம் பழுப்பாக மாறும். பாசியிலுள்ள சத்துகள் வெள்ளியை நானோ துகள்களாக்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துகள்கள், பூஞ்சையின் மேலுறையைச் சிதைக்கின்றன. இதே பாசியைக் கொண்டு தமிழக ஆய்வாளர்கள் 2007-லேயே தங்க நானோ துகள்களை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் குட்டையில் ஊற்றிவிடலாமா? அவசரம் வேண்டாம். பூஞ்சையைக் கொல்லும் வெள்ளி, அளவு மீறினால் மீனின் செவுளையும் பாதிக்கும். குட்டைநீர் வடிந்து வாய்க்காலில் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கும் ஆபத்து. சரியான அளவும், மீன் சதையில் எவ்வளவு தங்குகிறது என்பதும் உறுதியாகும்வரை இது ஆய்வுக்கூடத்து மருந்துதான்.

இந்த மழைக்குக் கைகொடுப்பவை பழைய வழிகளே. மழைக்கு முன்பே கரையை உயர்த்தி, வெளிநீர் புகாமல் தடுங்கள். நீரின் கார அமிலத் தன்மையைப் பரிசோதித்து, தேவையான அளவு சுண்ணாம்பு இடுங்கள். புண் தெரிந்தால் புவனேஸ்வர் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கண்டுபிடித்த ‘சிஃபாக்ஸ்’ மருந்து இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 1 லிட்டர் போதும். செத்த மீனை வாய்க்காலில் வீசாமல், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இல்லையென்றால், உங்கள் குட்டையின் நோய் நாளை பக்கத்துக் குட்டைக்கும் போய்ச் சேரும்!